நடை காட்டிக்கொடுக்கும்

சிதம்பரம் கோயிலுக்குக் கிழக்குக் கோபுரம் வழியாகப் போகிறவர்கள் பொதுவாக நேரே பார்த்துக்கொண்டு நடப்பார்கள். உள்ளே கூட்டம் எவ்வளவு, பூஜை முடிந்துவிட்டதா என்பதுதான் அவர்கள் கவலை. வாசலின் இரண்டு பக்கச் சுவர்களிலும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டம் கட்டமாக ஆடிக்கொண்டிருக்கும் பெண்களை நின்று பார்ப்பவர்கள் குறைவு. அவை கரணங்கள். மொத்தம் 108. கை இப்படி, கால் இப்படி, இடுப்பு இப்படி என்று பரதரின் நாட்டிய சாஸ்திரம் வகுத்துவைத்த ஆடல் அலகுகள். தஞ்சைப் பெரிய கோயிலிலும் கரணச் சிற்பங்கள் உண்டு. ஆனால் அங்கே 81 முடிந்ததோடு வேலை நின்றுவிட்டது. மிச்சக் கற்கள் இன்றும் வெறுமையாக இருக்கின்றன. சிதம்பரத்தில் நான்கு கோபுரங்களிலும் கரணங்கள் இருக்கின்றன. கிழக்கிலும் மேற்கிலும் சிற்பத்தோடு அதற்குரிய நாட்டிய சாஸ்திர வரியையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். படமும் விளக்கமும் சேர்ந்த கையேடு என்றே சொல்லலாம்.

அந்தக் கையேட்டில் ஒரு தகவல் மட்டும் கிடையாது. ஆடியது யார் என்பது. சிற்பிக்கு அது தேவைப்படவில்லை. கரணம் என்பது உறைந்து நிற்கும் நிலையல்ல, ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் போகும் அசைவு என்று பத்மா சுப்ரமணியம் தன் ஆய்வில் வாதிட்டார். அந்த அசைவு யாருடைய உடம்பில் நடந்தாலும் பெயர் ஒன்றுதான். ஆனால் 1981 முதல் மகா சிவராத்திரியை ஒட்டி இங்கே நடந்துவரும் நாட்டியாஞ்சலியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு மறுபக்கமும் தெரியும். ஒரே குருவிடம் ஒரே பாடம் கற்ற நான்கு பெண்கள் வரிசையாக நின்று ஒரே அடவைப் பிடித்தாலும் நாலும் நாலு விதம். ஒருத்தி தோளைக் கண நேரம் முன்னதாகவே இறக்கிவிடுவாள். இன்னொருத்தியின் அரைமண்டி எப்போதும் ஒரு விரற்கடை உயரமாகவே நிற்கும். குருவுக்கு அது பிழை. கூர்ந்து பார்க்கும் ரசிகருக்கு அது அடையாளம்.

சிற்பி விட்டுவிட்டதை இன்றைய மெய்நிகர் ஹெட்செட் பொறுக்கிக்கொள்கிறது. என்ன ஆடினார்கள் என்பதைக் கல் வைத்துக்கொண்டது. யார் ஆடினார்கள் என்பதைக் கருவி வைத்துக்கொள்கிறது.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். தலையில் மாட்டும் கருவி ஒன்று, கையில் பிடிக்கும் பிடிகள் இரண்டு. ஆக மூன்று புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் அறையில் எங்கே இருக்கிறது என்று சொல்ல மூன்று எண்கள் வேண்டும். எந்தப் பக்கம் திரும்பி, சாய்ந்து, உருண்டிருக்கிறது என்று சொல்ல இன்னும் மூன்று. மொத்தம் 18 எண்கள். இதை நொடிக்கு 90 முறை எடுத்தால், 20 நிமிடத்தில் 18 × 90 × 1,200. பெருக்கிப் பாருங்கள், 19,44,000 வரும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மெய்நிகர் உலகங்களை ஆராய்ந்துவரும் ஜெரமி பெய்லன்சன் 2018இல் ஒரு மருத்துவ இதழில் எழுதியபோது கொடுத்த எண்ணும் இதை ஒட்டியதுதான்: 20 நிமிடம் உள்ளே இருந்தால் 20 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான உடல்மொழிப் பதிவுகள்.

இவ்வளவும் வேவு பார்ப்பதற்காக எடுக்கப்படுவதல்ல. தலையைத் திருப்பிய அந்தக் கணமே கண்முன் இருக்கும் காட்சியும் திரும்பவேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் தலை சுற்றும், குமட்டும். அதனால் அசைவை அளந்துகொண்டே இருக்கவேண்டியது கருவியின் கட்டாயம். சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. போனில் கேமராவுக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டலாம், மைக்கை அணைக்கலாம், லொகேஷனை நிறுத்தலாம்; அப்புறமும் போன் போனாகவே இருக்கும். இங்கே அசைவை நிறுத்தினால் உலகமே நின்றுவிடும். 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்துவதா வேண்டாமா என்று யோசிக்க இடமே இல்லை. அழுத்தாதவர் வெளியே இருக்கிறார், அவ்வளவுதான்.

மூன்று புள்ளிகளை வைத்து ஒரு மனிதரை அடையாளம் காண முடியுமா? கேட்கும்போது நம்பத் தோன்றாது. 1973இல் ஸ்வீடனில் குன்னர் யோஹான்சன் என்ற உளவியலாளர் ஒரு எளிய சோதனை செய்தார். உடம்பின் முக்கியமான மூட்டுகளில் சிறிய ஒளிப்புள்ளிகளைப் பொருத்தி, மற்ற எதுவும் தெரியாதபடி இருட்டில் ஒருவரை நடக்கவைத்துப் படம் எடுத்தார். படத்தை நிறுத்திக் காட்டினால் அர்த்தமில்லாத பத்துப் பன்னிரண்டு பொட்டுகள். ஓடவிட்டால் நொடிக்குள் பார்ப்பவர் சொல்லிவிடுகிறார்: மனிதர், நடக்கிறார். நான்கு ஆண்டு கழித்து, 1977இல், ஜேம்ஸ் கட்டிங்கும் லின் கொஸ்லாவ்ஸ்கியும் இன்னொரு படி போனார்கள். வெறும் ஒளிப்புள்ளிகளின் நடையைப் பார்த்து அது எந்த நண்பர் என்று சொல்லச் சொன்னார்கள். எல்லாரும் சரியாகச் சொல்லிவிடவில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொன்னால் வரக்கூடியதைவிடத் தெளிவாகவே அதிகம் சரியாக இருந்தது. மாறுவேடத்தில் நகர்வலம் போன ராஜாவை நடையை வைத்துக் குடியானவள் கண்டுபிடித்துவிடும் கதைகளை நம்மூர்ப் பாட்டிகள் சும்மா சொல்லவில்லை.

மனிதக் கண்ணுக்கே இவ்வளவு முடியும் என்றால் கணினிக்கு? 2020இல் பெய்லன்சனின் ஆய்வகம் 511 பேரைக் கூப்பிட்டு ஹெட்செட்டை மாட்டிவிட்டு வீடியோ பார்க்கவைத்தது. ஆட்டமோ பாட்டமோ கிடையாது. சும்மா நின்று சுற்றிப் பார்த்ததோடு சரி. ஆளுக்கு ஐந்து நிமிடத்துக்கும் குறைவான பதிவைக் கொடுத்ததும், வேறொரு பதிவில் இருக்கும் ஆள் யார் என்பதைக் கணினி நூற்றுக்கு 95 முறை சரியாகச் சொன்னது. 2023இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விவேக் நாயரும் கூட்டாளிகளும் இதை இன்னும் பெரிதாகச் செய்து பார்த்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது 'பீட் சேபர்' என்ற விளையாட்டு. பாட்டின் தாளத்துக்கேற்ப எதிரே பறந்துவரும் கட்டிகளை இரண்டு கையிலும் உள்ள ஒளிவாள்களால் வெட்டவேண்டும். 55,541 பேருடைய தலை, கை அசைவுகள். 10 நொடி பார்த்தால் 73 சதவீதம் சரி; 100 நொடி பார்த்தால் 94 சதவீதத்துக்கு மேல்.

55 ஆயிரம் என்பது எவ்வளவு? 2011 கணக்கெடுப்பின்படி சிதம்பரம் நகரத்தின் மக்கள்தொகை சுமார் 62 ஆயிரம். கிட்டத்தட்ட ஊர் முழுவதும் முகமூடி போட்டு நான்கு வீதிகளிலும் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒன்றரை நிமிடம் கையை வீசுவதைப் பார்த்துவிட்டு, இவர் மாலைகட்டித் தெருக்காரர் இல்லை, மேல வீதியில் மூன்றாவது வீட்டுக்காரர் என்று சொல்வதைப் போல. ஆய்வு ஒரே விளையாட்டுக்குள் நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு விளையாட்டில் பழகிய கணினி வேறொரு இடத்தில் நம்மை அதே சுலபத்தில் கண்டுபிடித்துவிடும் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் போகிற திசை தெரிகிறது.

காரணம் மாயமொன்றும் இல்லை. தலைக்கருவியின் உயரம் ஆளின் உயரத்தைச் சொல்லிவிடுகிறது. கையை முழுவதும் நீட்டும்போது கையின் நீளம் தெரிந்துவிடுகிறது. இவை இரண்டுமே கூட்டத்தைப் பாதியாக, கால்வாசியாகக் குறைத்துவிடும். மிச்சத்தைப் பழக்கம் பார்த்துக்கொள்கிறது: வலதுகையா இடதுகையா, திரும்பும்போது முதலில் போவது தலையா தோளா, எதிர்பாராத பொருள் வந்தால் எத்தனை மில்லி நொடியில் துள்ளுகிறார். கடைசியாகச் சொன்னது வயதையும் கொஞ்சம் சொல்லிவிடும். சில நேரம் நோயையும் சொல்லும். நடுக்கம் இருப்பவரின் கை வேறு எதை மறைத்தாலும் நடுக்கத்தை மறைக்காது.

பாஸ்வேர்ட் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். முழங்கையை எப்படி மாற்றுவது?

பெர்க்லி குழுவே ஒரு மருந்தையும் சொல்லிப் பார்த்தது. கருவியிலிருந்து சர்வருக்குப் போகும் எண்களில் வேண்டுமென்றே கொஞ்சம் பொய்யைக் கலந்துவிடுவது. உங்கள் உயரத்தில் சில அங்குலம் கூட்டியோ குறைத்தோ அனுப்பும். கை நீளத்தையும் அப்படியே. எவ்வளவு பொய் என்பது ஒவ்வொரு முறையும் குலுக்கல்போல மாறும், ஆனால் அதற்கு ஒரு கணித வரம்பு இருக்கும். பலருடைய எண்கள் இப்படி ஒன்றோடொன்று கலந்துவிட்டால் தனியாளைப் பிரித்தெடுப்பது கடினம். கணிதம் அழகானது, ஆனால் ஒரு விலை உண்டு. பொய் கூடக்கூட வாள் கட்டியில் படாமல் போகும். மறைவு வேண்டுமென்றால் ஆட்டம் கெடும், ஆட்டம் வேண்டுமென்றால் மறைவு குறையும். அளவைத் தீர்மானிக்கும் திருகு யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. இந்த அத்தியாயம் முழுவதும் சுற்றிவரப் போவது அந்தக் கேள்வியைத்தான்.

*

இதுவரை பேசியது சர்வரின் கண். உள்ளே இருக்கும் மற்ற மனிதர்களின் கண் வேறு. அதைப் புரிந்துகொள்ள ஹெட்செட்டை விட்டுவிட்டுக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

2000களில் கடலூர் புதுநகரிலும் அண்ணாமலைநகர்ப் பக்கமும் பிரவுசிங் சென்டர் போனவர்களுக்கு அந்தப் பிளைவுட் கேபின்கள் ஞாபகம் இருக்கும். பிளஸ் டூ ரிசல்ட் பார்க்க, கவுன்சலிங் தேதி பார்க்க, வெளிநாட்டில் இருக்கும் அண்ணனோடு சாட் பண்ண. கேபினுக்குள் யாஹூ மெசஞ்சர் திறந்தால் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம் மஞ்சளாக எரியும். 'இன்விசிபிள்' போட்டால் அணைந்துவிடும். நீங்கள் எல்லாரையும் பார்ப்பீர்கள், உங்களை யாரும் பார்க்க மாட்டார்கள். உள்ளே மறைவு, வெளியே? கேபினில் உட்கார்ந்திருப்பவரின் முதுகைக் கடைக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார். 2011இல் மத்திய அரசு இணைய மையங்களுக்காக விதிகள் கொண்டுவந்தது. வருகிறவரின் அடையாள அட்டையைப் பார்த்துப் பதிய வேண்டும், பதிவேட்டை ஓராண்டு வைத்திருக்க வேண்டும், கேபின் தடுப்பின் உயரம் தரையிலிருந்து நான்கரை அடியைத் தாண்டக் கூடாது. இந்தியக் குடிமகனின் இணைய அந்தரங்கத்துக்கு அடிக்கணக்கில் அளவெடுத்த ஒரே சட்டம் இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சிரிக்கலாம். ஆனால் அந்த விதிக்கு ஒரு நல்ல குணம் இருந்தது: தடுப்பு எவ்வளவு உயரம் என்று உள்ளே உட்கார்ந்தவருக்குக் கண்ணுக்குத் தெரியும். எட்டிப் பார்ப்பவரும் தெரியும்.

இதைவிட நேர்த்தியான ஏற்பாடு 1986லேயே இருந்தது. ஸ்டார் வார்ஸ் எடுத்த லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்துக்காக சிப் மார்னிங்ஸ்டாரும் ரேண்டி ஃபார்மரும் 'ஹேபிடாட்' என்ற உலகத்தைக் கட்டினார்கள். கமோடோர் 64 என்ற வீட்டுக் கணினி, டெலிபோன் கம்பி, பொம்மை உருவங்கள், அவ்வளவுதான் வசதி. ஓரிடத்தில் சில பேருக்கு மேல் நிற்க முடியாது, கணினி தாங்காது. அதனால் கூடுதலாக வருகிறவர் ஆவியாகலாம் என்று வைத்தார்கள். ஆவிக்கு உருவம் கிடையாது. எல்லாவற்றையும் பார்க்கலாம், எதையும் தொடவோ பேசவோ முடியாது. ஆனால் ஓரிடத்தில் ஆவி இருந்தால், அங்கே நிற்கும் எல்லாருடைய திரையிலும் ஒரு மூலையில் சின்னக் கண் ஒன்று தோன்றிவிடும். யார் என்று சொல்லாது. பார்க்கப்படுகிறீர்கள் என்று மட்டும் சொல்லும். நாற்பது ஆண்டுக்கு முன்னால், கைப்பிடி அளவு நினைவகத்தில், இரண்டு பொறியாளர்கள் இதற்கு இடம் ஒதுக்கினார்கள்.

பின்னால் வந்தவர்கள் ஒதுக்கவில்லை. 2003இல் தொடங்கிய 'செகண்ட் லைஃப்' உலகில் ஒருவருடைய உருவம் தெருவில் நின்றுகொண்டிருக்கும். அவருடைய பார்வைக் கேமரா மட்டும் தனியாகக் கழன்று போய்ப் பக்கத்து வீட்டுச் சுவருக்குள் நுழையும். காசு கொடுத்து நிலம் வாங்கி, வீடு கட்டி, கதவைப் பூட்டியவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது, சுவர் வெறும் படம் என்று. அப்புறம்தான் வெளியே நிற்பவர்களுக்கு நிலத்துக்குள் இருப்பவர்கள் தெரியாமல் செய்யும் வசதி வந்தது. கேமராக் கண் வந்து போனதற்கு மட்டும் மூலையில் எந்தக் கண்ணும் மின்னவில்லை.

*

பார்ப்பது பற்றி இந்த வட்டாரம் நிறைய யோசித்திருக்கிறது. சிதம்பரத்துச் சிற்சபையில் நடராஜருக்குப் பக்கத்தில் ஒரு திரை தொங்குகிறது. தீட்சிதர் அதை விலக்கினால் தெரிவது பொன் வில்வ மாலை. பின்னால் உருவம் எதுவும் இல்லை. அதுதான் ரகசியம். 1823இல் சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில் பிறந்த ராமலிங்க வள்ளலார் 1872இல் வடலூரில் சத்திய ஞான சபையைத் தொடங்கியபோது திரையை ஒன்றோடு நிறுத்தவில்லை. ஏழு திரைகள், ஏழு நிறங்கள், அப்பால் ஜோதி. மாதப் பூசத்தில் ஆறு திரை விலகும், தைப்பூசத்தன்றுதான் ஏழும். எந்த நாள், எந்த வேளை, எத்தனை திரை என்பது அங்கே கூடும் லட்சக்கணக்கான பேருக்கும் முன்கூட்டியே தெரியும்.

தத்துவத்தைப் பெரியவர்களிடம் விட்டுவிடுகிறேன். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஏற்பாடு. திரை இருப்பது தெரியும். அதை விலக்குபவர் கண்முன் நிற்கிறார். எப்போது விலகும் என்பதற்கு விதி இருக்கிறது. அந்த விதி பிடிக்காவிட்டால் சண்டை போடவும் வழி இருக்கிறது. யார் எங்கே நின்று பார்க்கலாம் என்பது நந்தனார் காலத்திலிருந்து இந்த ஊரின் கேள்வி. சிற்சபைக்கு முன்னால் உள்ள கனகசபையில் ஏறி நின்று பக்தர்கள் தரிசிக்கலாம் என்று 2022 மே மாதம் தமிழக அரசு ஆணை போட்டது, தீட்சிதர்கள் எதிர்த்தார்கள், அடுத்த ஆண்டு ஆனித் திருமஞ்சனத்தின்போது அது மறுபடி தகராறானது, நீதிமன்றம் வரை போனது. யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். பார்வையின் விதியை மாற்றுவதற்கு இங்கே அரசாணை, மனு, மறியல், வழக்கு எல்லாம் வேண்டியிருக்கிறது. ஹெட்செட் உலகத்தில் அதற்கு இரவோடு இரவாக வரும் ஒரு அப்டேட் போதும். காலையில் எழுந்து மாட்டினால் விதி மாறியிருக்கும்.

மாறியும் இருக்கிறது. 2021 நவம்பரில் மெட்டா நிறுவனத்தின் 'ஹொரைசன் வேர்ல்ட்ஸ்' உலகத்தைச் சோதித்துக்கொண்டிருந்த ஒரு பெண், தன் உருவத்தை இன்னொருவர் தகாத இடத்தில் தொட்டார் என்று புகார் சொன்னார். பாதுகாப்புக் கவசம் என்று ஒரு வசதி இருக்கிறது, அவர் அதைப் பயன்படுத்தவில்லை என்பது நிறுவனத்தின் முதல் பதில். பேருந்தில் இடிபட்ட பெண்ணிடம் சேஃப்டி பின் எடுத்துவரவில்லையா என்று கேட்கும் நம்மூர்ப் பதில்தான். 2022 பிப்ரவரியில் விதி மாறியது: ஒவ்வொரு உருவத்தைச் சுற்றியும் இரண்டடி வேலி, இரண்டு பேருக்கு நடுவே கிட்டத்தட்ட நாலடி. யாரும் அதைத் தாண்டி வர முடியாது. அடுத்த மாதம் அது தளர்ந்து, நண்பர்களுக்கு வேலி இல்லை, மற்றவர்களுக்கு உண்டு, வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம் என்று ஆனது. நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். முடிவெடுத்தது மட்டும் பயன்படுத்துபவர்கள் அல்ல.

*

தொடுவது, பார்ப்பது இரண்டையும் தாண்டி மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதைப் புரியவைத்த சம்பவம் 1993இல் நடந்தது, படமே இல்லாத ஓர் உலகத்தில். ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பாவெல் கர்ட்டிஸ் நடத்திவந்த 'லாம்டாமூ' முழுக்க முழுக்க எழுத்தாலானது. 'அறைக்குள் வருகிறாள்', 'சிரிக்கிறாள்' என்று தட்டினால் எல்லாருடைய திரையிலும் அது தெரியும். 'மிஸ்டர் பங்கிள்' என்ற பெயரில் வந்த ஒருவர், பில்லி சூனியப் பொம்மை என்று பெயர் வைத்த ஒரு சின்ன நிரலைக் கொண்டு, அறையில் இருந்த மற்றவர்களுடைய பெயரில் வாக்கியங்களைத் தோன்றவைத்தார். அவர்கள் தட்டாத வாக்கியங்கள். அவர்களே தங்களை அசிங்கப்படுத்திக்கொள்வதாக எழுதிய வாக்கியங்கள். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜூலியன் டிபெல் அதை எழுதிய பிறகுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. பாதிக்கப்பட்ட ஒரு பெண் பிறகு நடந்ததைக் கண்டித்து எழுதியதைத் தட்டிக்கொண்டிருந்தபோது அழுதுகொண்டிருந்தார் என்று டிபெல் பதிவு செய்கிறார்.

வெறும் எழுத்துக்கு அழுகையா என்று கேட்டவர்கள் அப்போதும் இருந்தார்கள். அவர்கள் கவனிக்காதது இதுதான்: அங்கே யாருடைய ரகசியமும் வெளியாகவில்லை, யாரையும் யாரும் ஒளிந்திருந்து பார்க்கவில்லை. அவர்களுடைய பெயரை, அவர்களுடைய உடம்பை, இன்னொருவர் ஆட்டிவைத்தார். அந்தரங்கம் என்றால் மறைத்துக்கொள்வது என்றுதான் நாம் பொதுவாக நினைக்கிறோம். மெய்நிகர் உலகில் அதைவிடப் பெரிய உரிமை, என் உருவத்தை நான்தான் அசைப்பேன் என்பது.

மறைவுக்கு மறுபக்கமும் உண்டு என்பதைத் தமிழ்நாடு 2021இல் பார்த்தது. பப்ஜி விளையாட்டை நேரலையில் ஓட்டிக்கொண்டே பேசி லட்சக்கணக்கான இளைஞர்களைச் சேர்த்த ஒரு யூடியூபர், 'பப்ஜி மதன்' என்ற பெயரில் பேர்பெற்றவர், வீடியோக்களில் முகத்தைக் காட்டியதே இல்லை. பெண்களை ஆபாசமாகப் பேசினார் என்ற புகார்களின் பேரில் அந்த ஜூனில் தருமபுரியில் கைதானார். கைதான அன்றுதான் பலரும் அந்த முகத்தைப் பார்த்தார்கள். முகம் தெரியாதது ஒருவருக்குக் கேடயம், இன்னொருவருக்கு ஆயுதம். இதனால்தான் எல்லாரும் ஆதாரோடு வரட்டும் என்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்கள் மறப்பது ஒன்று: சர்வருக்கு நாம் ஏற்கெனவே முகமூடி இல்லாமல்தான் நிற்கிறோம். ஆதார் அட்டை எண்ணைவிட நம் தோள் அதிகம் சொல்லிவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? நக்கீரன் இதழ் ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிடுவது பற்றிய வழக்கில், 1994இல், தனித்து விடப்படும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு அது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023இல் எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் நடத்தையைக் கண்காணிக்கக் கூடாது என்கிறது அதன் ஒன்பதாம் பிரிவு. நல்லது. ஆனால் நொடிக்கு 90 முறை அசைவை அளக்காமல் ஓடவே முடியாத கருவியில் 'கண்காணிப்பு' எங்கே தொடங்குகிறது? அளப்பது வேறு, சேர்த்துவைப்பது வேறு, சேர்த்ததை அலசுவது வேறு. சட்டம் இந்த மூன்றுக்கும் நடுவே கோடு போட்டால்தான் அந்தப் பிரிவுக்கு உயிர் இருக்கும். மெட்டா அதே 2023இல் தன் ஹெட்செட்டைப் பெற்றோர் அனுமதியோடு 10 வயதுப் பிள்ளைகளும் பயன்படுத்தலாம் என்று வயதை 13லிருந்து இறக்கிவிட்டது.

*

கடைசியாக ஒரு கல்யாணம். 2022 பிப்ரவரி 6. கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரம் கிராமத்தில் தாலி கட்டிய ஜோடி, வரவேற்பை மெய்நிகர் உலகத்தில் வைத்தார்கள். ஹாரி பாட்டர் கதையில் வரும் மாயப் பள்ளிபோல ஒரு அரண்மனை. விருந்தினர்கள் அவரவர் ஊரில் உட்கார்ந்தபடியே உருவங்களாக வந்தார்கள். நாடெங்கும் அது செய்தியானதற்கு அரண்மனை காரணம் இல்லை. மணமகளின் அப்பா அதற்கு முன்பே காலமாகியிருந்தார். அவருடைய சாயலில் ஓர் உருவம் செய்து வரவேற்பில் நிறுத்தினார்கள். மகள் கல்யாணத்துக்கு அப்பா வந்தார்.

அந்தக் குடும்பத்தின் அன்பில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை. நம் வீடுகளில் கல்யாணப் பத்திரிகையை முதலில் இறந்தவர் படத்துக்கு முன்னால்தான் வைக்கிறோம். ஆனால் படம் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்குமே தவிர அசையாது. 2022இல் நின்ற உருவம் ஒரு முப்பரிமாணச் சாயல். இன்று பத்தாண்டு ஹெட்செட் போட்டு விளையாடிய ஒரு அப்பா போய்விட்டால், அவர் தோளை இறக்கும் விதம், பேச்சுக்கு நடுவே கையை விரிக்கும் விதம் எல்லாம் எங்கோ ஒரு சர்வரில் இருக்கும். அவரை ஆடவைக்கலாம். அவர் வாழ்நாளில் செய்யாததையும் செய்யவைக்கலாம். மிஸ்டர் பங்கிளின் பொம்மைக்கும் இதற்கும் இடையே உள்ள ஒரே வேறுபாடு, ஆட்டுவிக்கும் கையில் அன்பு இருக்கிறது என்பது. அந்தக் கை எப்போதும் குடும்பத்தின் கையாகவே இருக்கும் என்று யார் உறுதி சொல்வது?

சட்டம் இந்த இடத்தில் மெலிந்திருக்கிறது. ஜெயலலிதாவின் வாழ்க்கையை வைத்து எடுத்த 'தலைவி' படத்துக்கு எதிராக அவருடைய அண்ணன் மகள் தொடுத்த வழக்கில், ஒருவர் வாழ்நாளில் பெற்ற அந்தரங்கமும் நற்பெயரும் அவரோடு முடிந்துவிடுகின்றன, வாரிசுகளுக்குச் சொத்துபோல இறங்காது என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஒரு முதல்வருக்கே அந்த நிலை என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2023 சட்டத்தின் 14ஆம் பிரிவு ஒரு சிறு கதவைத் திறந்துவைத்திருக்கிறது: நான் இறந்தாலோ செயலிழந்தாலோ என் தரவு உரிமைகளை எனக்காகச் செலுத்த ஒருவரை நியமித்துக்கொள்ளலாம். பேங்க் அக்கவுண்டுக்கு நாமினி போடுவதுபோலத்தான். பேங்கில் போடுகிறோம், எல்.ஐ.சி.யில் போடுகிறோம். உடம்பின் அசைவுக்கு யாரும் போடுவதில்லை.

போடுங்கள். நீங்கள் ஹெட்செட்டைத் தொட்டதே இல்லை என்றாலும் உங்கள் வீட்டுப் பிள்ளை எடுத்த வீடியோக்களில் நீங்கள் நடந்திருக்கிறீர்கள், சிரித்திருக்கிறீர்கள், கையை ஆட்டியிருக்கிறீர்கள். உயில் எழுதும்போது நிலம், நகை, வீட்டோடு இன்னும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: எனக்குப் பிறகு என் உருவத்தை யாராவது அசைக்கலாமா, அசைக்கலாம் என்றால் யார், எதற்கு. அந்த வரியை நீங்கள் உயிரோடு இருக்கும்போது நீங்கள் மட்டும்தான் எழுத முடியும்.